எக்ஸ்ரே படிச்ச புள்ள

அப்பா செருப்பை ஆய்வறை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாங்கள் யாரும் அங்கே செருப்பைக் கழற்றுவதில்லை. பலமுறை சொல்லியும் அவர் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் இருக்கிற அறை என்றால் அவருக்குச் சாமி அறை மாதிரி.

வேட்டியில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. தோளில் துண்டு. கக்கத்தில் ஒரு பெரிய பழுப்பு உறை. வெளியே வெயில் கொளுத்திய முற்பகல். மின்விசிறிக்கு நேர் கீழே வந்து நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "தாயி, சோலியா இருக்கியா?" என்று கேட்டார்.

"வாப்பா. என்ன இந்நேரத்துல?"

"மார்க்கெட்ல வெங்காயத்த எறக்கிட்டு அப்பிடியே வாரேன். இத ஒரு பார்வ பாரு" என்று உறையை என் மேஜையில் வைத்தார்.

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றி இதுவரை சிரிக்கச் சிரிக்க மட்டுமே எழுதியிருக்கிறேன். அவருடைய வண்டி, அவருடைய வாய், ஹாரன் அடிக்காமல் கத்தியே ஆட்களை விலக்கும் அவருடைய குரல். "தவசி அண்ணனைப் பற்றி இன்னும் எழுதுங்கள்" என்று சிலர் கடிதம் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் அவரைப் பற்றித்தான். ஆனால் நீங்கள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது.

எந்த எக்ஸ்ரே

மதுரையின் மேற்கு ஓரத்தில் இருந்த ஒரு கல்லூரியில் நான் அப்போது முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். அப்பா சொந்தமாக ஒரு சின்னச் சரக்கு வண்டி ஓட்டினார். குட்டியானை என்று சொல்வார்களே, அது. வெங்காயம், தக்காளி, சில நாள் ஆடு, மாடு. உசிலம்பட்டிக்கும் மதுரைக்குமாக ஓடிக்கொண்டே இருப்பார்.

நான் என்ன படிக்கிறேன் என்று ஊரில் கேட்டால், "எக்ஸ்ரே பத்தி" என்று சொல்லிவிடுவேன். சொல்ல எளிதாக இருந்தது. அது பொய்யும் இல்லை.

முழுவதையும் சொல்வதென்றால் இப்படிச் சொல்ல வேண்டும். வானத்தில் சூரியனைவிடப் பல மடங்கு கனமான நட்சத்திரங்கள் சிலவற்றுக்கு ஒரு விசித்திரமான துணை உண்டு. அது வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். நியூட்ரான் நட்சத்திரம் என்று பெயர். சூரியனைவிடக் கனமான பொருள், மதுரைக் காளவாசலிலிருந்து சோழவந்தான் வரை, சுமார் இருபது கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு உருண்டைக்குள் நெருங்கிக் கிடக்கும். பெரிய நட்சத்திரம் தன் மேலிருந்து வாயுவை வீசிக்கொண்டே இருக்க, பக்கத்தில் சுற்றும் இந்தச் சின்னது அதை இழுத்துக்கொள்ளும். விழுகிற வாயு கோடிக்கணக்கான டிகிரி சூடேறி எக்ஸ்ரேயாக ஒளிரும். அந்தச் சின்ன நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றுவதால், அந்த ஒளி நமக்கு நாடித்துடிப்பு மாதிரி விட்டுவிட்டு வந்து சேரும்.

வந்து சேரும் என்று சொன்னது தவறு. தரைக்கு வராது. நம் காற்று மண்டலம் அதைத் தடுத்துவிடும். செயற்கைக்கோளில் கருவி வைத்து மேலேயே பிடிக்க வேண்டும்.

என் ஆராய்ச்சி அதிலும் ஒரு சின்ன மூலை. அந்த எக்ஸ்ரே, பெரிய நட்சத்திரம் வீசிய வாயுவைக் கடந்துதான் நம் பக்கம் வர வேண்டும். அடர்த்தியாக ஏதாவது குறுக்கே நின்றால், வலுக்குறைந்த கதிர்களை அது விழுங்கிவிடும். எது வரவில்லை என்று பார்த்து, குறுக்கே எவ்வளவு நிற்கிறது என்று கணக்குச் சொல்வேன்.

ஒருமுறை ஊரிலிருந்து மதுரைக்கு அப்பாவின் வண்டியிலேயே வந்தபோது இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். செக்கானூரணி தாண்டும் வரை பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

"அப்ப அந்த எக்ஸ்ரே நம்ம மேல படாது?"

"படாதுப்பா. காத்து மறிச்சிரும்."

"அம்புட்டுத் தொலவு வந்து கடைசில இதுட்ட மாட்டிக்கிருது" என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "ஆனா ஒனக்கு மட்டும் தெரியுது. அதான?" என்றார்.

"ஆமாப்பா."

அடுத்த வாரமே சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் மைக் இல்லாத குறையாக ஊருக்கே அறிவித்தார். "எம் மக எக்ஸ்ரேல டாக்டர் பட்டம் வாங்கப் போறா." பந்தியில் என் பக்கத்து இலையில் இருந்த ஒரு மாமா வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கி, "இந்த மூட்டு வலிக்கு என்ன செய்யலாம் தாயி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை என்று அன்று சொல்லவில்லை. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் தெருவில் அதுவரை யாரையும் டாக்டர் என்று அழைத்தது கிடையாது.

ஜன்னல் வெளிச்சத்தில்

உறையைப் பிரித்தேன். நெஞ்சு எக்ஸ்ரே படம். கூட எந்த அறிக்கையும் இல்லை.

"ரெண்டு மாசமா இருமலு விடமாட்டேங்குது. ஒங்க ஆத்தா தொல்ல தாங்காம டாக்டர்ட்ட போனேன். படம் எடுத்துட்டு வாங்கன்னாரு. எடுத்துட்டுப் போனா ஆளு இல்ல, நாளைக்குத்தான் வருவாராம். அதுக்கு எதுக்குக் காத்துக்கெடக்கணும்? நம்ம வீட்லயே எக்ஸ்ரே படிச்ச புள்ள இருக்கும்போது."

"அப்பா, நான் படிக்கிறது வேற. வண்டில வரும்போது சொன்னேன்ல. நட்சத்திரத்துல இருந்து வர்றது."

"எக்ஸ்ரேன்னா எக்ஸ்ரேதான தாயி. அங்கிட்டு இருக்கிற நட்சத்திரமே தெரியுது. அப்பன் நெஞ்சு தெரியாதா?"

அந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று சொல்ல வேண்டும். நான் மூன்று வருடமாகப் பின்தொடர்ந்த நட்சத்திரம் பல மாத உறக்கத்துக்குப் பிறகு முந்தின நாள் பிரகாசமடையத் தொடங்கியிருந்தது. நியூட்ரான் நட்சத்திரம் நீள்வட்டப் பாதையில் பெரியதை நெருங்கும்போது எப்போதாவது அப்படி நடக்கும். சில நாளில் அடங்கிவிடும். நம் நாட்டுச் செயற்கைக்கோளை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி விண்ணப்பம் அனுப்ப வேண்டும். என் வழிகாட்டி வெளியூர் போயிருந்தார். "சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடும்மா. இதை விட்டா அடுத்து எப்பன்னு சொல்ல முடியாது" என்று காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டார். விண்ணப்பம் பாதிதான் எழுதியிருந்தேன்.

படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். வெளியே வேப்பமரம். அதன் பச்சை, அப்பாவின் விலா எலும்புகள் வழியாகத் தெரிந்தது. நடுவில் இதயத்தின் நிழல். இரண்டு பக்கமும் நுரையீரல், கறுப்பாக. வலது பக்கம் மேலே, காறை எலும்புக்குக் கீழே, வெள்ளையாக ஒரு திட்டு. நெல்லிக்காய் அளவு இருக்கும்.

அதை நான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

படத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் கதிர் போகவில்லை, ஏதோ தடுத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? காற்று நிறைந்த நுரையீரலில் அப்படி ஒரு திட்டு இருக்கக் கூடாது என்று யோசிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்குமோ, ரத்தக்குழாயாக இருக்குமோ என்று ஒரு நினைப்பும் வந்தது. இரண்டு நினைப்பும் வந்தன. எனக்கு நேரமில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்றேன்.

இதைப் பார்த்துச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை என்ற பொருளில்தான் சொன்னேன். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். உள்ளே வந்ததிலிருந்து தோள்களைத் தூக்கியே வைத்திருந்தார் என்பது, அவை இறங்கியபோதுதான் தெரிந்தது.

"அதான பாத்தேன். வெறும் சளிக்குப் போயி படம் எடுன்னுட்டான்."

"இல்லப்பா, நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தேன். மேஜையில் போன் அடித்தது. வழிகாட்டி. எடுத்தேன். அவர் ஒரு வரைபடத்தை மாற்றச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அப்பா சைகையால் "நீ பேசு, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து அவித்த கடலைப் பொட்டலத்தை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார்.

பக்கத்து மேஜையில் இருந்த ஹேமலதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் என்னோடு ஆராய்ச்சி செய்தவள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். நான் போனை வைத்ததும், "பேச்சி, உங்கப்பா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருடி" என்றாள்.

"நாளைக்கு டாக்டர்ட்ட காட்டுவாரு ஹேமா."

"காட்ட மாட்டாரு. முகத்தைப் பாத்தேல்ல? எங்க பெரியப்பா பையன் பெரியாஸ்பத்திரில ஹவுஸ் சர்ஜனா இருக்கான். இப்பவே கூட்டிட்டுப் போயிருவோம். உங்கப்பா இன்னும் கேட்டத் தாண்டியிருக்க மாட்டாரு. ஓடிப்போய்க் கூப்பிடட்டா?"

ஜன்னல் வழியே பார்த்தேன். வெயிலுக்காக அந்த உறையையே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அப்பா போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"இன்னைக்கு வேணாம். இத அனுப்பி முடிச்சிருவோம்" என்றேன்.

எட்டு மாதம்

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. செயற்கைக்கோள் எங்கள் நட்சத்திரத்தைப் பார்த்தது. சில வாரங்களில் தரவு கைக்கு வந்தது. அதுவரை யாரும் அந்த நட்சத்திரத்தை அவ்வளவு விவரமாகப் பார்த்திருக்கவில்லை. வழிகாட்டி ஆய்வறைக்கே ஜிகர்தண்டா வாங்கிவரச் செய்து எல்லோருக்கும் கொடுத்தார்.

வீட்டுக்கு வாரம் ஒருமுறை பேசுவேன். ஒருநாள் அம்மாவிடம், "அப்பா இருமல் எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"இருமத்தான் செய்றாரு. டாக்டரு படத்தப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாராம்ல. கஷாயம் போட்டுக் குடுக்குறேன்."

"டாக்டரா சொன்னாரு?"

"ஆமா, காட்டிட்டேன்னு சொன்னாரு. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் உசிலம்பட்டி டாக்டரிடம் மறுநாள் காட்டியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவிடம் நேரில் கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை. அம்மா சொன்ன டாக்டர் நான்தான் என்பது அந்தப் போனை வைத்தபோதே எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

தீபாவளிக்குப் போனபோது அப்பா மெலிந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது. "ஒரு தடவ டாக்டர்ட்ட போயிட்டு வாயேன்ப்பா" என்றேன்.

"ஏன், நீ பாத்தேல்ல?"

அம்மா அடுப்படியில் இருந்தாள். எண்ணெய்ச் சட்டியின் இரைச்சலில் அவளுக்கு இது கேட்கவில்லை.

"அப்ப பாத்தது. இப்ப இன்னொரு தடவ" என்றேன்.

"தை பெறக்கட்டும். இப்ப லோடு நெறைய இருக்கு."

வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பிவிட்டேன். அந்த மாதங்களில்தான் எங்கள் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் நான் எழுதிய ஒரு வரி இன்றைக்கும் மனப்பாடம். பார்வைக் கோட்டில் அடர்த்தியான பொருள் ஒன்று குறுக்கே நிற்பதையே இந்தக் குறைவு காட்டுகிறது. அந்த வரியை மட்டும் நான்கு தடவை திருத்தினேன்.

காளவாசல்

தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. காளவாசலில் பாலம் கட்டுவதற்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த காலம். காலை பத்து மணிக்கு அப்பாவிடமிருந்து போன். எப்போதும் போனிலும் கத்தித்தான் பேசுவார். அன்று குரலே எழும்பவில்லை.

"தாயி, காளவாசல்ல நிக்கிறேன். வண்டிய எடுக்க முடியல. நீ கொஞ்சம் வாரியா?"

ஆட்டோவில் போனேன். புழுதிக்கு நடுவே அவருடைய வண்டி பாதைக்குக் குறுக்கே நின்றது. பின்னால் நான்கைந்து பஸ்கள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. "அண்ணே, ஓரங்கட்டுண்ணே! சாவுற மாதிரியா நிப்ப?" என்று ஒரு கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ஒரு சிமெண்டுத் தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தார். துண்டைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை இன்னும் இறுக்கமாகச் சுருட்டினார். ஓரத்தில் சிவப்பு தெரிந்தது.

"வெத்தல போட்டேன்" என்றார்.

அப்பாவுக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அதே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் வெங்காய மூட்டையைப் பற்றியே பேசினார். வெயிலில் நின்றால் அழுகிவிடுமாம்.

அங்கே புதிதாகப் படம் எடுத்தார்கள். "முன்னாடி எடுத்தது ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இளவயதுக்காரர். அம்மாவுக்குப் போன் செய்து, அந்தப் பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறச் சொன்னேன். பிற்பகலில் அம்மா வந்தாள். தலையில் வைத்த பூ பஸ் காற்றில் பாதி உதிர்ந்திருந்தது.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி விளக்கைப் போட்டார். பழையதில் நெல்லிக்காய். புதியதில் அந்த இடத்தில் தொடங்கிய வெள்ளை, பாதி நுரையீரலை மூடியிருந்தது.

"இது எப்ப எடுத்தது?"

"எட்டு மாசம் இருக்கும் சார்" என்றார் அப்பா.

"அப்பவே தெரியுதே. அந்த நேரத்துல வந்திருந்தா ஆபரேஷனுக்கு யோசிச்சிருக்கலாம். யார்கிட்ட காட்டுனீங்க? யாரு பாத்தா?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அப்பா முந்திக்கொண்டார்.

"யாருட்டயும் காட்டல சார். பயந்துக்கிட்டு பீரோ மேல போட்டுட்டேன்."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, டாக்டர்ட்ட காட்டிட்டேன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

இதைச் சொல்லும்போது அவர் டாக்டரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மாட்டியிருந்த தன் நெஞ்சைப் பார்த்தார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பதினேழாம் எண் கட்டில்

புற்றுநோய் என்று சொல்லி அப்பாவை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். அன்றோடு அம்மா அவரிடம் பேச்சை நிறுத்தினாள்.

பணிவிடையில் குறை வைக்கவில்லை. கஞ்சி காய்ச்சினாள், துணி அலசினாள், தோளைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப் போனாள். எல்லாம் செய்தாள். முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அவர் காதுபடவே சொல்வாள். "எங்கிட்டப் பொய் சொல்லிட்டு நோவ வளத்துருக்காரு. எட்டு மாசமா கஷாயம் காச்சிக் குடுத்தேன் இந்த மனுசனுக்கு. கேனச்சி மாதிரி."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒருநாள் அம்மா கீழே வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அப்பா, நான் அம்மாட்ட சொல்லிர்றேன்" என்றேன்.

"என்னத்த?"

"நான் பாத்தத. தெரியலன்னு சொன்னத."

அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேச முடிந்தது. "நீ தெரியலன்னுதான் சொன்ன. நான்தான் எனக்கு வேணுங்கிற மாதிரி கேட்டுக்கிட்டேன்."

"நீ தப்பா எடுத்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியும்ப்பா."

தெரியாது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாரோ என்னவோ. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"சொல்லாத தாயி. நான் போறவன். எங்கூடப் பேசாட்டி என்ன இப்ப? நாளப்பின்ன நீயும் ஒங்க ஆத்தாளும்தான் இருக்கணும். ஒங்கூடப் பேசணும்ல அவ?"

வெந்நீர்ப் பாத்திரத்தோடு அம்மா வந்தாள். நான் எழுந்து இடம் விட்டேன்.

அவர் சொல்லாதே என்று சொன்னதால்தான் நான் சொல்லவில்லை என்று பல வருடம் நம்பினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. சொல் என்று அவர் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சித்திரை முடிவதற்குள் அப்பா போய்விட்டார். ஒரு மத்தியானம், அம்மா வராண்டாவில் இருந்தபோது, என் முன்னால். கடைசியாக ஒன்றும் சொல்லவில்லை. பேசும் நிலையில் இல்லை.

பட்டம்

அந்த ஆண்டு கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டு பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், "மிகக் கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள்" என்று பாராட்டினார். ஹேமலதா பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனபோது நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவள் வந்து கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. அவள் என்னிடம் அந்த நாளைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. கல்யாணமாகி வேறு ஊர் போனாள். எங்களுக்குள் போன் பேச்சும் நின்றுபோனது. அவளைப் பார்த்தால் எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

நட்சத்திர ஆராய்ச்சியை அதோடு விட்டுவிட்டேன். இப்போது ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். பாடத்தில் எக்ஸ்ரே வரும் வாரம் விடுப்பு எடுத்துக்கொள்வேன். வேறு யாராவது நடத்துவார்கள்.

ஊரில் என்னை இன்னும் டாக்டர் என்கிறார்கள்.

அம்மா தனியாக இருந்தாள். அப்பாவின் படத்துக்குப் பூ வைப்பாள், வைதுகொண்டே வைப்பாள். "பொய்காரா" என்பாள். "நீ பாட்டுக்குப் போயிட்ட" என்பாள். லீவில் போகும்போதெல்லாம் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு அவள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறேன்.

மொச்சை

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எதிர்வீட்டு டீச்சர் வாரா வாரம் இந்தத் தொடரை அவளுக்கு வாசித்துக் காட்டுகிறார். எழுதிக்கொண்டே வந்ததில் என் ஆராய்ச்சி வருடங்களுக்கு வந்து சேர்ந்தேன். இதைத் தாண்டிக் குதித்துப் போய்விடலாம் என்று இரண்டு வாரம் யோசித்தேன். முடியவில்லை. டீச்சர் வாய் வழியாக அவள் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று போன மாதம் ஊருக்குப் போனேன்.

மத்தியானம். வாசல் நிழலில் முறத்தை மடியில் வைத்துப் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து உரித்தேன். விரலெல்லாம் அந்தப் பச்சை வாடை. அரை முறம் ஆனதும் சொன்னேன்.

"அம்மா, அப்பா மொத மொத எடுத்த படத்த எங்கிட்டத்தான் காட்டுனாரு."

"எந்தப் படத்த?"

"நெஞ்சுப் படம். எடுத்த மறுநாளே காலேஜுக்கு வந்து காட்டுனாரு. ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன். ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அப்பிடி நெனச்சுட்டாருன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. நான் திருத்தல."

அவள் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து காய் உரித்தாள்.

"அப்ப ஆஸ்பத்திரில யாருட்டயும் காட்டலன்னாரே?"

"எனக்காகச் சொன்னாரு."

இப்போது கை நின்றது. தெருவில் ஒரு டவுன்பஸ் போனது. அதன் புழுதி படாமல் முறத்தை முந்தானையால் மூடினாள்.

"அந்த மனுசன் உசுரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லாதன்னு சொன்னாரும்மா."

"அவரு சொல்லாதன்னாரு. சரி. நீ?"

நான் இன்னொரு காயை எடுத்தேன்.

அவள் அழவில்லை. அழுவாள், அடிப்பாள் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். முறத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"சாகுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால தண்ணி கேட்டாரு. சைகையிலதான் கேட்டாரு. தம்ளர்ல ஊத்தி, கட்டிலுக்குக் கீழ தரையில வச்சுட்டு வெளியே போயி ஒக்காந்துட்டேன். எட்டி எடுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன். அம்புட்டு ஆத்தரம். பக்கத்துக் கட்டில்காரரு வீட்டம்மா எடுத்துக் குடுத்துச்சு. அந்தம்மாவப் பாத்துக் கும்புட்டாரு. நான் கதவு சந்துல பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அம்மா..."

"பேசாத." முறத்தைக் கீழே வைத்தாள். "இதப் பத்திரிகையில எழுதப் போறியாக்கும்?"

"எழுதணும்னு இருக்கேன்."

"எழுது. நான் செஞ்சதையும் சேத்து எழுது. ஒன்னோடத மட்டும் எழுதிட்டு நீ மட்டும் எறக்கி வச்சுட்டுப் போயிராத."

எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் வெளியே வரவும் இல்லை. மிச்சம் இருந்த மொச்சையை நானே உரித்து முடித்தேன். முறத்தை நிலைப்படிக்கு உள்பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "வாரேம்மா" என்றேன். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. டீச்சரிடம் விசாரித்தேன். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாளாம். சமைக்கிறாளாம், சாப்பிடுகிறாளாம். படத்துக்குப் பூ வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாளாம். "ஏன்னு கேட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வைக்கிறதுன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் டீச்சர்.

இந்த வாரப் பத்திரிகை வெள்ளிக்கிழமை அவர் கைக்குப் போய்ச் சேரும். வாசித்தால் புரிந்துவிடும்.